23 துண்டுகளும் இரண்டு எக்ஸ்ரேயும்: ஹால் சுவரில் ஒரு சிக்குக் கோலம்

கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தாளைத் தூக்கினேன். கோலம் வரவில்லை. உள்ளே இருந்தது அத்தனையும் மேஜையில் கொட்டிவிட்டது, கையில் மிஞ்சியது நடுவில் பெரிய ஓட்டை விழுந்த ஒரு சட்டம் மட்டும். கொட்டியதைப் பொறுக்கி எண்ணினேன். 23 துண்டு. ஒன்றரை மணி நேரம் வளைத்து வளைத்து வெட்டிய வேலை.

ஸ்டென்சில், அதாவது வடிவத்தை ஓட்டையாக வெட்டிய தாளைச் சுவரில் வைத்துப் பெயிண்ட் அடிக்கும் வேலை, செய்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். எனக்கு அப்போது தெரியாது. ஹால் சுவரில், சோபாவுக்கு எதிரே இருக்கும் பத்தடிச் சுவரில், வால்பேப்பரும் வேண்டாம் ஸ்டிக்கரும் வேண்டாம், நாமே ஏதாவது செய்வோம் என்று ஆவணியில் ஆரம்பித்தது. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் முடிந்தது. நடுவில் என்னென்ன செய்தேன், எது ஏன் கெட்டது, கடைசியில் எப்படி ஒட்டி வந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன், இதே சிக்குக் கோலத்தில் மாட்டப்போகிறவர்கள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள்.

முதலில் சுவர். எங்கள் வீடு சென்னைப் புறநகரில் இரண்டாவது மாடி, பழைய ஃப்ளாட். கோலத்துக்கு முன்னாடி கடையில் ரெடிமேடாக விற்கும் ஒரு பூ டிசைன் பிளாஸ்டிக் ஸ்டென்சில் வாங்கி, மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டி, ரோலரால் ஒரு இழு இழுத்தேன். டேப்பை உரித்தால் சுவரும் சேர்ந்து வந்தது. அடியில் இருந்தது டிஸ்டெம்பர். உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், கையில் மாவு ஒட்டினால் அது டிஸ்டெம்பர், அதன்மேல் டேப் ஒட்டினால் இதுதான் கதி. டேப் ஒட்டாத இடத்திலும் பூ பூவாக இல்லை. பெயிண்ட் தாளுக்கு அடியில் ஊறிப்போய் ஒவ்வொரு இதழுக்கும் மீசை முளைத்திருந்தது.

எங்கள் வீட்டுக்கு ரொம்ப வருடமாக வரும் பெயிண்டர் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார், பக்கெட்டில் நான் கலக்கி வைத்திருந்த பெயிண்டைக் குச்சியால் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, இதுல தண்ணி ஊத்துனீங்களா?" ஊற்றினேன். சுவருக்கு அடிக்கும்போது அவரே ஊற்றுவாரே என்றேன். "அது சுவத்துக்கு. இதுக்கு ஒரு சொட்டு கூடாது. அதோட பிரஷ்ல பெயிண்ட் இருக்கான்னே தெரியக்கூடாது."

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டால் ஸ்டென்சிலில் பாதித் தொல்லை போய்விடும். பிரஷைப் பெயிண்டில் தொட்டு, பழைய செய்தித்தாளில் குத்திக் குத்தி, கிட்டத்தட்ட காய்ந்துவிட்டது என்று தோன்றும் வரை எடுத்துவிட வேண்டும். அப்புறம் சுவரில் நேராகக் குத்த வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் பிரஷ் முடி தாளின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையும், பெயிண்டும் கூடவே போகும். ஒரே குத்தில் நிறம் ஏறாது. இரண்டு மூன்று சுற்று வேண்டும், அது பரவாயில்லை, அவ்வளவு மெல்லிய பூச்சு ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் காய்ந்துவிடுகிறது. தட்டை முடி பிரஷ் தேடி அலைந்து கிடைக்காமல், மெத்தைக்குள் வைக்கும் ஃபோமில் ஒரு துண்டை வெட்டி, நூலால் முடிச்சுப்போட்டு அதைத்தான் கடைசி வரை பயன்படுத்தினேன். நன்றாகவே இருந்தது.

சுவரை அண்ணன் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட் அடித்தார். நிறம் காவி. கோலம் வெள்ளை. வாசலில் செம்மண் இட்டு மேலே மாக்கோலம் போட்டால் எப்படி இருக்குமோ அந்தச் சேர்க்கை. ஒரு வாரம் அந்தச் சுவர்ப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாரத்தில்தான் மேஜையில் 23 துண்டு கொட்டியது.

கோலத்தைச் சொல்லிவிடுகிறேன். நேர்ப்புள்ளி 5, வரிசை 3. மொத்தம் 15 புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவிலெல்லாம் கோடு வெட்டிக்கொண்டு போகும் சாதாரணச் சிக்குக் கோலம். இதை நான் தேர்ந்தெடுக்கவில்லை, அத்தை தேர்ந்தெடுத்தார். ஐந்துக்கு ஐந்து போடலாமே, சதுரமாக இருக்குமே என்றதற்கு, "அதுல கோடு அஞ்சா பிரியும். இதுல ஒரே கோடு" என்றார். வரைந்து பார்த்தேன், அப்படித்தான் வந்தது. இரண்டு எண்ணுக்கும் பொதுவாக வகுக்கும் பெரிய எண் எதுவோ அத்தனை கோடு விழும். 5-க்கும் 3-க்கும் பொது 1, அதனால் ஒரே கோடு. அத்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை, அவருக்கு விரல் சொல்லும்.

அந்த ஒரே கோடுதான் எனக்கு வில்லங்கம். கோடு தன்னைத்தானே 22 இடத்தில் வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு மூடிய கட்டம், அது 15. நான்கு புள்ளிகளுக்கு நடுவே ஒரு மூடிய கட்டம், அது 8. ஆக 23. கோட்டை முழுசாக வெட்டி எடுத்தால் இந்த 23-ஐயும் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, கொட்டத்தான் செய்யும். ஸ்டென்சிலில் நாம் வெட்டுகிற ஓட்டையைத்தான் எல்லோரும் பார்க்கிறோம், ஆனால் வேலை முழுவதும் வெட்டாமல் விடுகிற இடத்தில் இருக்கிறது. லாரியிலும் கோணிப்பையிலும் தகடு வைத்து அடித்த எழுத்தைப் பாருங்கள், சுழி எல்லாம் ஒரு இடத்தில் அறுந்து நிற்கும். அந்த அறுந்த இடம்தான் உள்துண்டைப் பிடித்து வைத்திருக்கும் பாலம்.

சரி, பாலம் வைப்போம் என்று இரண்டாவது தாளில் அங்கங்கே அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டினேன். தாள் நின்றது. ஒரு அட்டையில் அடித்து அத்தையிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "கோடு அறுந்திருக்கே" என்றார். அடித்த பிறகு கையால் நிரப்பிவிடலாம் அத்தை என்றேன். "கையாலயே நிரப்பறதுன்னா கையாலயே போட்டுடலாமே." பதில் இல்லை.

கடையில் விற்கும் தகரக் கோல அச்சு மட்டும் எப்படிச் சமாளிக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். அதில் கோடே கிடையாது, வரிசையாக ஊசித் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் நடுவில் தகரம் இருப்பதால் எதுவும் விழாது, பொடி விழுந்து கொஞ்சம் பரவினால் கோடு மாதிரித் தெரியும். பெயிண்ட் பரவக் கூடாது என்று பாடுபடுகிறவளுக்கு அது உதவாது.

அடுத்தது கொசுவலை. ஜப்பானில் கிமோனோத் துணிக்குச் சாயம் ஏற்ற கதகாமி என்று காகித ஸ்டென்சில் செய்கிறார்கள், மல்பெரிக் காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பெர்சிமன் பழச்சாற்றில் தோய்த்துக் கெட்டியாக்கி வெட்டுவார்கள். ரொம்ப நுணுக்கமான வெட்டு என்றால், இரண்டு காகிதத்துக்கு நடுவில் பட்டு நூலை ஓடவிட்டு ஒட்டிவிடுவார்கள். தனித்தனியாக நிற்க வேண்டிய துண்டுகளை நூல் பிடித்துக்கொள்ளும், நூல் மெல்லிசு என்பதால் சாயம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இதைப் படித்ததும் பட்டு நூலுக்குப் பதில் ஜன்னல் கொசுவலையில் 23 துண்டையும் ஒட்டினேன். முதல் அடி பிரமாதம். இரண்டாவதில் வலைக் கண்ணில் பெயிண்ட் அடைத்தது. மூன்றாவதில் கோடு முழுக்கக் கட்டம் கட்டமாகச் சாப்பாட்டு மூடி வலையின் அச்சு. துணிச்சாயம் வேறு, எமல்ஷன் வேறு.

பெயிண்டர் அண்ணன் சொன்ன யோசனை இன்னும் சுலபம். கோட்டை விட்டுவிட்டு உள்கட்டங்களை வெட்டுங்கள், வெள்ளைச் சுவரில் காவியை அடியுங்கள், கோடு தானாக வெள்ளையாக நிற்கும். கோடு ஒரே தொடர்ச்சி என்பதால் தாளும் வலை மாதிரி ஒன்றாக நிற்கிறது. இதுவும் சரியான யோசனைதான், குகைச் சுவரில் கையை வைத்துச் சுற்றிலும் செம்மண்ணை ஊதினார்களே, அதே வழி. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் அப்படி ஒரு கை அச்சு குறைந்தது 39,900 ஆண்டு பழசு என்று 2014-ல் கணித்தார்கள். ஆனால் என் அட்டையில் கோலத்தின் வெளிக்கோடு காணாமல் போய்விட்டது. வெளியே சுவரும் வெள்ளை, கோடும் வெள்ளை, எல்லை எங்கே தெரியும்? 23 காவிச் சில்லுகள் மட்டும் நின்றன. பார்க்க நன்றாகக்கூட இருந்தது. ஆனால் அது கோலம் இல்லை, தரை ஓடு. மேலும் சுவரை ஏற்கெனவே காவியாக்கியாயிற்று.

அத்தைதான் முடிச்சை அவிழ்த்தார், அதுவும் அவிழ்க்கிறோம் என்று தெரியாமலே. ராத்திரி சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் வரைபடத்தாளில் கோலத்தைப் பென்சிலால் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், "ஒயர்க்கூடை மாதிரியே இருக்குல்ல. ஒண்ணு மேல போனா அடுத்தது கீழ போகும்" என்றார்.

மேலே, கீழே. கோட்டோடு விரலை நகர்த்திப் பார்த்தேன். முதல் வெட்டில் மேலே, அடுத்ததில் கீழே, அடுத்ததில் மேலே. ஒரு இடத்தில்கூட முட்டவில்லை, முழுச்சுற்று சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே ஒழுங்காக வந்து சேர்ந்தது. அப்படியென்றால் மேலே போகும் துண்டுகளை எல்லாம் ஒரு தாளில் வெட்டலாம், கீழே போகும் துண்டுகளை இன்னொரு தாளில் வெட்டலாம். ஒரு தாளுக்கு 22 சின்னக் கீற்று, வாழைப்பழத்தை ஒடித்துப் போட்டது மாதிரி. ஒன்றோடு ஒன்று தொடாது, அதனால் தாளில் எதுவும் கொட்டாது. முதல் தாளில் பாலமாக இருக்கும் இடம் இரண்டாவது தாளில் ஓட்டை. இரண்டையும் ஒரே இடத்தில் அடித்தால் கோடு எங்கேயும் அறாமல் மூடிக்கொள்ளும்.

மதுராவில், பிருந்தாவனத்தில் சாஞ்சி என்று காகிதம் வெட்டி வண்ணப்பொடி தூவும் கலை இருக்கிறது, அங்கேயும் ஒரே படத்துக்குப் பல தாள்களை அடுத்தடுத்து வைப்பார்கள். அதனால் இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் பல தாள் என்றாலே வரும் கேள்வி, இரண்டாவது தாளைச் சுவரில் சரியாக அதே இடத்தில் எப்படி வைப்பது? மூலையில் பென்சில் குறி வைப்பார்கள், அப்புறம் அழிப்பார்கள். இங்கே அது தேவையே இல்லை. புள்ளி இருக்கிறதே! இரண்டு தாளிலும் 15 புள்ளியையும் துளைத்துவிட்டேன். முதல் தாளில் கீற்றோடு சேர்த்துப் புள்ளியையும் அடித்துவிட வேண்டும். இரண்டாவது தாளை வைக்கும்போது சுவரில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள் துளை வழியாகத் தெரியும், 15-ம் தெரிந்தால் தாள் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒன்று பிறைநிலா மாதிரித் தெரிந்தால் நகர்த்து. புள்ளி எதற்கு வைக்கிறோம் என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், கோடு கோணாமல் இருக்க என்று சொல்லியிருக்கிறாள். அதே பதில்தான் இங்கேயும்.

தாள் எது? இதுவரை வெட்டியதெல்லாம் ஓஹெச்பி ஷீட், கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். ஏழெட்டு தடவை ஒட்டி உரித்ததும் சுருண்டது, மெல்லிய பாலங்கள் கிழிந்தன. பெயிண்டர் அண்ணன், முன்பெல்லாம் நம்பர் எழுத எக்ஸ்ரே ஷீட்டில்தான் வெட்டுவோம் என்றார். பரணில் அத்தையின் முழங்கால் எக்ஸ்ரே இருந்தது, வலது ஒன்று இடது ஒன்று, பத்து வருடப் பழசு, பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். புள்ளிக்குப் புள்ளி 5 சென்டிமீட்டர் வைத்தால் கோலம் 25-க்கு 15 சென்டிமீட்டர் சொச்சம் வரும், அளவெடுத்துச் செய்தது மாதிரிப் பொருந்தியது. கறுப்பாக இருந்தால் அடியில் வைக்கும் வரைபடம் தெரியாது என்பதால், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கையுறை போட்டுக்கொண்டு ஊறவைத்துத் தேய்த்தேன். எலும்பு கரைந்து போய், லேசான நீலத்தில் கண்ணாடி மாதிரி ஷீட் வந்தது. அத்தை, "என் முட்டி வலியும் இப்படிப் போனா நல்லாருக்கும்" என்றார்.

வெட்டுவது தனிப் பொறுமை. கீழே தடித்த கண்ணாடி, அதன்மேல் வரைபடம், அதன்மேல் ஷீட், அசையாமல் டேப். வளைவில் கத்தியைத் திருப்பாதீர்கள், கத்தி நின்ற இடத்தில் நிற்கட்டும், ஷீட்டைத் திருப்புங்கள். முதலில் புள்ளிகள், அப்புறம் நடுக்கீற்று, கடைசியில் ஓரம். ஓரத்தை முதலில் வெட்டினால் நடுவில் கை வைக்கும்போது ஷீட் நெளியும். நான்கைந்து கீற்றுக்கு ஒரு தடவை பிளேடு முனையை ஒடித்துப் புதுசாக்கினேன், மழுங்கிய பிளேடுதான் வழுக்கி விரலுக்கு வரும். கீற்றின் நுனிகளை இரண்டு மில்லிமீட்டர் நீட்டி வெட்டினேன், அப்போதுதான் அடுத்த தாளின் கீற்று இதன்மேல் ஏறி இடைவெளி தெரியாது. ஒரு தாளுக்கு மூன்று மணி நேரம். இரண்டு தாள், இரண்டு சனிக்கிழமை.

சுவரில் இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்துக் கோலம். 30 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் பத்தடிக்குச் சரியாக வந்தது. மேல் வரிசை பீமுக்கு ஒரு சாண் கீழே, கீழ் வரிசை தரையிலிருந்து மூன்றடியில். தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பார்த்து, நீலப்பொடி தோய்த்த நூலை அடித்தால், பீம் கோணல்! ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். வருடக்கணக்காக அந்த பீமுக்குக் கீழே உட்கார்ந்து டிவி பார்க்கிறோம், ஒருநாளும் தெரிந்ததில்லை. மட்டத்தில் போட்டால் கோலம் சரிந்தது போலத் தெரியும், பீமை ஒட்டிப் போட்டால் நிஜமாகவே சரிந்திருக்கும். அண்ணன் நூலைப் பிடித்துப் பாதி தூரம் இறக்கினார். "ரெண்டுக்கும் பாதி பாதி கொடுத்துருங்க, யாருக்கும் தெரியாது." யாருக்கும் தெரியவில்லை, இதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்களைத் தவிர.

அடிக்கும்போது 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையை முதலில் முடித்தேன். தாள் பக்கத்துக் கோலத்தைத் தொடாது, ஆனால் டேப் தொடும், ஈரத்தின்மேல் டேப் பட்டால் போச்சு. முதல் தாள் ஒரு கோலத்துக்கு ஆறேழு நிமிடம், இரண்டாவது தாள் புள்ளி பொருத்துகிற நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிடம். கீற்று நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் முதல் இரண்டு கோலத்தில் வெள்ளை தடித்து முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. மூன்றாவதிலிருந்து நுனியில் மட்டும் கையை லேசாக்கினேன், சரியாகிவிட்டது. அந்த முதல் இரண்டும் இடது ஓரத்தில் மணி பிளான்ட் தொட்டிக்குப் பின்னால் இருக்கின்றன. தொட்டி அங்கே வந்தது தற்செயல் இல்லை.

கீழ் வரிசை எட்டாவது கோலத்தில்தான் அந்த வேடிக்கை நடந்தது. ஞாயிறு சாயங்காலம், கை ஓய்ந்துவிட்டது. முதல் தாளை அடித்துவிட்டு, கழுவித் துடைத்து நாற்காலியில் வைத்தேன், காபி குடித்தேன், வந்து இரண்டாவது தாளை எடுத்துப் புள்ளி பொருத்தி அடித்தேன். கோடு அழகாக மூடியது. அடுத்த கோலத்துக்கு முதல் தாளைத் தேடினால் நாற்காலியில் இல்லை, என் கையில் இருக்கிறது. இரண்டாவது தாள் பாத்ரூமில் பக்கெட்டில் ஊறிக்கொண்டிருக்கிறது! நான் அடித்தது முதல் தாளையே, குப்புறத் திருப்பி.

வரைபடத்தாளை எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் வரும் வெட்டுகளில், முதல் தாளில் இருப்பதெல்லாம் வலது பக்கம் சாய்ந்து ஏறும் கீற்று. மேலும் கீழுமாக இருக்கும் புள்ளிகளுக்கு நடுவில் வருவதில் எல்லாம் இடது பக்கம் சாய்ந்து ஏறும் கீற்று. இரண்டாவது தாளில் இது அப்படியே நேர்மாறு. தாளைக் குப்புறத் திருப்பினால் வலம் இடமாகும், இடம் வலமாகும், புள்ளிகள் புள்ளிகளின் மேலேயே விழும். அதாவது இரண்டாவது தாள் என்று ஒன்று கிடையவே கிடையாது, முதல் தாளின் முதுகுதான் அது. தலைகீழாகச் சுற்றினால் மாறாது, குப்புறப் போட்டால்தான் மாறும், அதையும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமையும் ஒரு முழங்காலும் வீண். முழு வீண் என்றும் சொல்ல முடியாது, ஒரே தாள் என்றால் ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்துத்தான் திருப்ப வேண்டும், இரண்டு இருந்ததால் ஒன்று ஊறும்போது இன்னொன்று வேலை செய்தது. இருந்தாலும் மூன்று மணி நேரம்!

செலவைப் பொறுத்தவரை, சுவர் சுரண்டி பெயிண்ட் அடித்தது தனி, அது எப்படியும் செய்ய வேண்டியது. ஸ்டென்சில் பக்கம் கத்தி, பிளேடு, டேப், வீணான ஓஹெச்பி ஷீட்டுகள், அந்த மீசைப் பூ எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. கீழ் வரிசையில் சோபா கைப்பிடி உரசும் இடத்தில் ஒரு கோலம் லேசாக மங்கியிருக்கிறது, தாளை வைத்து இன்னொரு சுற்றுக் குத்தினால் போதும். பாத்ரூமை ஒட்டிய சுவரிலும் போடலாமே என்று வீட்டில் கேட்டார்கள். அந்தச் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூக்கிறது, பிரைமரே அங்கே ஒரு வருடம் தாங்காது, முதலில் கசிவை நிறுத்தட்டும்.

அத்தையிடம் குப்புறத் திருப்பும் விஷயத்தைத் தாளோடு கொண்டுபோய்ச் செய்து காட்டினேன். இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். "அப்ப அந்த இன்னொரு முட்டியை நீ வெட்டியிருக்கவே வேண்டாம்" என்றார்.